ஒரே பாவில் இறங்கிய சேலைகள்

எங்கள் தெருவில் அந்தத் திருமணத்தைப் பற்றிய கதை இப்போது பல வடிவங்களில் உலவுகிறது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் தாயைக் கன்னத்தில் அறைந்தார்கள் என்பது ஒரு வடிவம். தாய் மண்டப வாசலில் மண்ணை வாரித் தூற்றினார் என்பது இன்னொன்று. மகளே எழுந்து வந்து தாயைப் பந்தியிலிருந்து வெளியேற்றினாள் என்று, மண்டபத்தின் பக்கமே வந்திராத ஒருவர் தேநீர்க் கடையில் நடித்துக் காட்டியதை நானே நின்று பார்த்தேன். நன்றாகவே நடித்தார். இவற்றுள் எதுவும் நடக்கவில்லை. நடந்தது மிகச் சிறியது. அருகில் உண்டவர்களில் பலருக்குக்கூடத் தெரியாத அளவுக்கு ஓசையற்றது. ஊருக்கு அது போதவில்லை.

ஆகவே, சரிபார்த்ததை மட்டுமே எழுதுவது என்று முடிவு செய்துகொண்டேன். நான் கண்டது, நான் கேட்டது, நான் இல்லாத இடமாயின் அங்கிருந்த இருவர் தனித்தனியே ஒத்துச் சொன்னது, இவையே இங்கு இடம்பெறும். ஒருவர் மட்டுமே சொன்னதை அவ்வாறே குறிப்பிடுவேன். எவர் மனத்திலும் என்ன இருந்தது என்று எழுத மாட்டேன். பேச்சைப் பேசியவாறே தருகிறேன். திருத்தமான தமிழில் மாற்றினால் அதன் கொடுமை குறைந்து தோன்றும். பெயர்களை விலக்கியதற்குக் காரணம் எளியது. அந்தப் பெண் இன்னமும் அந்த வீட்டில்தான் வாழ்கிறாள்.

பெண்ணின் தாய் எங்கள் அடுத்த வீட்டு அம்மாள். இரண்டு வீடுகளுக்கும் நடுச்சுவர் ஒன்றே. அவருடைய கணவர் விசைத்தறிக் கூடத்தில் கூலிக்கு நெய்பவர். அம்மாள் திருநெல்வேலிச் சாலையில் ஊர் முடியும் இடத்திலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்கிறார். வெளிர்நீலச் சேலை, அதன்மேல் முழங்கால்வரை இறங்கும் அரக்கு நிற மேலங்கி, மேலங்கியின் முதுகில் மருத்துவமனையின் பெயர். இதுதான் சீருடை. தெருவில் பெரும்பாலோர் அதைக் ‘கோட்டு’ என்பார்கள். அம்மாளையும் சிலர் ‘கோட்டுக்காரி’ என்பார்கள். அவர் காதில் விழும்படியே சொல்வார்கள்.

ஓய்வு பெறும்வரை நான் பனவடலிசத்திரத்தில் தமிழாசிரியராக இருந்தேன். காலையில் நானும் அம்மாளும் ஒரே பேருந்தில் ஏறுவோம். அவர் மருத்துவமனை நிறுத்தத்தில் இறங்கிக்கொள்வார். அந்தச் சிறிய பயணத்தில் நான் ஒன்றைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மேலங்கியோடு அவர் ஏறினால் அருகிலிருக்கும் வெற்றிடத்தில் ஒரு பை வந்து அமரும். ஒருநாள் கைக்குழந்தையோடு இருந்த ஓர் இளம்பெண் தன் பையை இருக்கையில் வைத்து, “ஆளு வருது” என்றாள். எவரும் வரவில்லை. அம்மாள் நின்றுகொண்டே வந்து இறங்கினார். அதே வாரத்தில் இன்னொரு நாள், மேலங்கி துவைத்துக் காயாததால் அதை மஞ்சள் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, சாதாரணச் சேலையோடு அம்மாள் ஏறினார். அதே பெண், அதே குழந்தை.

“இங்கன உக்காருங்கக்கா. இவனக் கொஞ்சம் பிடிங்க, டிக்கெட் எடுத்துக்கிடுதேன்.”

குழந்தை அம்மாளின் மடிக்கு வந்தது. எங்கே வேலை என்று அந்தப் பெண் கேட்டாள். ஆஸ்பத்திரியில் என்றார் அம்மாள். “நர்சா?” என்றாள். அம்மாள் குழந்தையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். நிறுத்தம் வந்ததும் குழந்தையின் கையைப் பிடித்து அந்தப் பெண் ஆட்டினாள்: “நர்ஸ் அத்தைக்கு டாட்டா சொல்லு மக்கா.” தான் முன்பு நிற்க வைத்த ஆளிடம்தான் பிள்ளையைக் கொடுத்திருக்கிறோம் என்று தெரிந்ததாக அவள் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த முறை மேலங்கி வந்தபோது பை மீண்டும் இருக்கையில் ஏறியது.

மருத்துவமனை நிறுத்தத்துத் தேநீர்க் கடையிலும் இவ்வாறே. மற்றவர்களுக்குக் கண்ணாடிக் குவளை. அவருக்குக் காகிதக் குவளை. ஒருநாள் நானும் உடன் இருந்தபோது கடைக்காரர் காரணம் சொன்னார்: “தப்பா நெனைக்காதீங்கம்மா. ஆஸ்பத்திரி ஆளுக வந்து போற எடம். நமக்கு சுத்தம் முக்கியம்லா.” சுத்தம் செய்வதையே தொழிலாகக் கொண்டவர் அதைக் கேட்டுத் தலையசைத்து, காகிதக் குவளையை இரண்டு விரல்களால் வாங்கிக்கொண்டார்.

மகள் முதுகலை வணிகவியல் படித்துவிட்டுத் தனியார் வங்கியில் வேலைக்குச் சேர்ந்தாள். தரகர் ஒருவர் மூலம் புளியங்குடியிலிருந்து ஒரு வரன் வந்தது. எலுமிச்சைக் கமிஷன் கடை வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளைக்குத் தந்தை இல்லை. பெரியப்பாவே கடைக்கும் வீட்டுக்கும் தலைவர். வரன் உறுதியாகும் என்று தோன்றிய அந்த வாரத்தில் அம்மாள் துவைத்த மேலங்கியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணாச்சி, இத உங்க மாடியில காயப்போட்டுக்கிடட்டுமா?”

“தாராளமாகப் போடுங்கள். உங்கள் வீட்டுக் கொடி அறுந்துவிட்டதா?” என்றேன்.

“கொடி நல்லாத்தான் இருக்கு. எங்க வாசல்ல கெடந்தா வாறவுக கண்ணுல படும்.”

அன்றுமுதல் அது எங்கள் மாடிக் கொடியில் காய்கிறது.

பெண் பார்க்க வந்த நாளில் என்னையும் அழைத்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பெரியப்பா வந்தார். கஞ்சி போட்டு நிமிர்ந்த வெள்ளைச் சட்டை, அகலக் கரை வேட்டி, தங்க நிறக் கைக்கடிகாரம், அறையெங்கும் அத்தர் மணம். உட்காரும்போது வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்தார். என்னிடம்தான் முதலில் பேசினார்.

“சார், எங்க கடையில மூட்டை மூட்டையா காய் வந்து எறங்கும். ஒண்ணக்கூட அறுத்துப் பாக்க மாட்டேன். தோலப் பாத்தாப் போதும், உள்ள சாறா சக்கையான்னு சொல்லிருவேன். ஆளும் எனக்கு அப்படித்தான். நடையையும் உடுப்பையும் பாத்தா எடை போட்டுருவேன்.”

“தவறியதே இல்லையா?”

“தவறியிருந்தா இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு உங்க முன்னால உக்காந்திருப்பனா?”

எல்லாரும் சிரித்தார்கள். அப்போது அம்மாளே காப்பித் தட்டோடு வந்தார். பெரியப்பா அவர் கையிலிருந்து தம்ளரை வாங்கினார். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். இதை நான் வலியுறுத்திக் குறிக்க வேண்டும். முகத்தைப் பார்த்தார்.

“அம்மா ஆஸ்பத்திரில வேலைன்னாக. நர்சா?”

தரகர் முந்திக்கொண்டார்: “ஆமா அண்ணாச்சி, அந்த டிபார்ட்மெண்டுதான்.” கணவரின் கூலி நெசவு அன்று ‘ஜவுளி லைன்’ ஆகியிருந்தது. அம்மாள் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாள் பெரியப்பாவைக் கேட்டார்: “காப்பிக்குச் சீனி போதுமா?” அவர் வாய்திறந்து பொய் சொல்லவில்லை.

“நர்சம்மா கையால காப்பி. ஊசி போடாம விட்டா சரி” என்றார் பெரியப்பா. மறுபடியும் சிரிப்பு.

அவர்கள் புறப்பட்ட பின் தரகர் வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார். “ஒரு வார்த்த வெளிய போச்சு, அவ்வளவுதான். கூடையக் கவுத்தாப்புல கவுத்துட்டுப் போயிருவாரு. அவருக்குப் பெரும தான் சாப்பாடு. பாத்துக்கிடுங்க.”

உள்ளே மகள் தாயிடம் சொன்னாள். நான் இன்னும் நாற்காலியை விட்டு எழவில்லை.

“எம்மா, இனிமே அந்தக் கோட்டோட தெருவுல வராத. கல்யாணம் முடியட்டும்.”

“முடிஞ்சப்புறம்?”

“முடியட்டும். அப்புறம் பாப்போம்.”

அம்மாள் சரி என்றார். அதன்பின் அவர் மேலங்கியை மருத்துவமனைக்குள் சென்றே அணிந்தார். பேருந்தில் அவருக்கு இருக்கை கிடைத்தது.

இனி சேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தறி ஓடும் எங்கள் ஊரில், திருமண வீட்டுப் பெண்கள் ஒரே பாவில் இறங்கிய சேலைகளை உடுத்துவது வழக்கமாகியிருக்கிறது. ஒரு பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஏற்றும் நூல்; அதில் அடுத்தடுத்து நெய்து இறக்கும் சேலைகள் நிறத்திலும் கரையிலும் இழை மாறாமல் இருக்கும். உறவுப் பெண்கள் ஒன்றுபோல் நின்றால் படத்தில் அழகு என்பார்கள். அம்மாளின் கணவரே தாம் வேலை செய்யும் கூடத்தில் பாவு ஏற்றி நெய்தார். கத்தரிப்பூ நிறம், மஞ்சள் கரை. உறவுப் பெண்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய சேலைகள் கூடத்து உரிமையாளரிடம் நின்றன. ஒரு பாவில் மிஞ்சுவதைக் கிடைத்த இடத்தில் விற்றுவிடுவது எல்லாக் கூடங்களிலும் உள்ள நடைமுறை. அவரும் விற்றார். வாங்கியவர் ஒரு சமையல் ஒப்பந்தக்காரர். தம்மிடம் பந்தி பரிமாறும் பெண்களுக்குச் சீருடையாக வாங்கினார். அந்த ஒப்பந்தக்காரரைத்தான் மாப்பிள்ளையின் பெரியப்பா இந்தத் திருமணத்துக்குத் தம் பொறுப்பில் அமர்த்தியிருந்தார். உரிமையாளரும் ஒப்பந்தக்காரரும் இதைத் தனித்தனியே என்னிடம் உறுதிசெய்தார்கள். எவரும் திட்டமிட்டதன்று.

பெண்ணின் தாய் அந்தச் சேலையைக் கட்ட வேண்டியதில்லை. அவருக்கென்று பட்டு எடுத்து வைத்திருந்தார்கள். மகள்தான், “நீயும் செட்டுச் சேலையவே கட்டும்மா, போட்டோவுக்கு நல்லாருக்கும்” என்றாள். என் மனைவி அப்போது உடன் இருந்தார். பட்டு பெட்டியிலேயே தங்கியது. நகைகளுள் தாலியும் தோடும் தவிர மற்றவை மகள் கழுத்துக்குப் போயிருந்தன. வீட்டுக்கு மூத்தவர்கள் என்ற முறையில் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தவர்கள் கணவரின் அண்ணனும் அவர் மனைவியும். அம்மாள் மணமேடைக்குக் கீழே, கத்தரிப்பூ நிறக் கூட்டத்தின் நடுவில் நின்று அட்சதை போட்டார்.

காலையிலேயே மண்டபம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி தன் மதினியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“ஏ மதினி, பொண்ணு வீட்டுக்காரிகளும் பந்தி போடுதவளுகளும் ஒண்ணுபோல நிக்காளுகளே. யாருகிட்ட ரசம் கேக்கது, யாருகிட்ட சொகம் கேக்கது?”

“வளையல எண்ணிப் பாரு. நெறையா கெடந்தா சம்பந்தி, இல்லைன்னா சாம்பாரு.”

அது வரிசை வரிசையாகப் பரவியது. உறவுப் பெண்களில் சிலர் விரைந்து வீட்டுக்கு ஓடி வேறு சேலை மாற்றி வந்தார்கள். அம்மாள் போகவில்லை. மகளை விட்டு நகர நேரமில்லை என்று என் மனைவியிடம் சொன்னாராம்.

முதல் பந்தியில் என்னை உட்கார வைத்தார்கள். உண்டு கைகழுவிவிட்டு, கைகழுவுமிடத்துக்கும் உணவுக்கூடத்துக்கும் இடையிலுள்ள வாயிலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் எழுந்த வரிசையில் எச்சில் இலைகள் கிடந்தன. எதிர் வரிசையில் சம்பந்தி விருந்துக்குப் புதிய இலைகள் போட்டிருந்தார்கள். மணமக்கள் அமர்ந்துவிட்டார்கள். அவர்களை அடுத்து மாப்பிள்ளையின் தாய். அவரை அடுத்த நாற்காலி பெண்ணின் தாய்க்கு. இரு தாயரும் அருகருகே அமர்ந்து உண்பது முறை. பெரியப்பா நின்று யார் யார் எங்கே என்று இடம் காட்டிக்கொண்டிருந்தார். பெண்ணின் தந்தை வாசலில் விருந்தினரை வழியனுப்பிக்கொண்டிருந்தார்.

அம்மாள் வந்தார். வழியில் ஒரு முதியவர் தண்ணீர் கேட்டதால் கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியின் முதுகைப் பற்றி இழுத்தார்.

“ஏ, இந்தா! எங்க வந்து உக்காருத?” என்றார் பெரியப்பா. “இது சம்பந்தியம்மாவுக்குப் போட்ட எல. அங்கன எச்சி எல அப்படியே கெடக்கு, கண்ணு தெரியலையா? மொதல்ல அத எடு. எல்லாத்துக்கும் நானே நின்னு சொல்லணும்னா ஒங்களுக்கு எதுக்குட்டி ஒரே கலர்ல சேல கட்டி விட்டுருக்கு?”

அம்மாள் நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். மாப்பிள்ளையின் தாய் தம் முந்தானையை மடியில் மடித்து வைத்தார். மணமகள் தன் இலையில் வைத்திருந்த இனிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அந்த நாற்காலிக்கும் இடையே மாமியார் ஒருவர்தான். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

நான் வாயிலிலிருந்து முன்னே வந்தேன். “ஐயா, இவர்தான்” என்று தொடங்கும்போதே அம்மாள் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். வேண்டாம் என்னும் அசைவு. ஒரே ஒருமுறை, ஆனால் கண்டிப்பானது. அவருடைய மகளின் வாழ்வைப் பற்றி முடிவு செய்யும் உரிமை அவருக்கே உண்டு என்று நான் நின்றுவிட்டேன். பெரியப்பா என் பக்கம் திரும்பி, “என்ன சார்?” என்றார். சாப்பாடு நன்றாக இருந்தது என்றேன்.

அம்மாள் எச்சில் வரிசைக்குப் போனார். இலைகளை உட்புறமாக மடித்தார். தம்ளர்களை இலைக்குள் திணித்தார். மேசை மேல் விரித்த தாளை ஒரு முனையிலிருந்து சுருட்டிக்கொண்டே நடந்தார். ஈரத் துணியை ஒரே திசையில் இழுத்தார். துடைத்த இடத்துக்குத் துணி திரும்பி வரவில்லை. மருத்துவமனையில் அறைகளை அப்படித்தான் துடைக்க வேண்டும் என்று கற்பித்திருக்கிறார்கள். பெரியப்பா அதைக் கவனித்தார். பக்கத்தில் நின்றவரிடம் பெருமையாகச் சொன்னார்: “பாத்தியளாவே? இதுதான் நான் வச்ச ஆளுக்கும் மத்தவன் வச்ச ஆளுக்கும் வித்தியாசம். கையப் பாத்தாலே தெரியுது, வேலைக்குன்னே பொறந்தவ.”

பரிமாறத் தொடங்கினார்கள். வெற்று நாற்காலிக்கு முன்னிருந்த இலையிலும் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. பெரியப்பா சுற்றும் பார்த்தார்.

“சம்பந்தியம்மா எங்கப்பா?”

“வாசல்ல ஆளுகள அனுப்பிக்கிட்டு நிக்காக போல.”

“நர்சம்மாவுக்கு ஏதாவது அவசரக் கேசு வந்திருக்கும். டூட்டின்னா டூட்டிதான்!”

வரிசை முழுதும் சிரித்தது. மணமகனும் சிரித்தான். அம்மாள் அப்போது அவர்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். கை நீட்டினால் தொடலாம். மணமகள் சிரித்தாளா என்பதை நான் பார்க்கவில்லை. அவள் முகத்துக்கும் எனக்கும் இடையில் பாயச வாளியோடு ஒருத்தி வந்து நின்றாள். கத்தரிப்பூ நிறச் சேலை, மஞ்சள் கரை.

அதன்பின் கூடத்துக்குப் பின்புறத்தில் நடந்ததை நான் காணவில்லை. அம்மாள் சொன்னார், பரிமாறிய பெண் ஒருத்தியும் சொன்னாள். அவள் திருமணத்துக்குப் பிறகே எங்கள் பின்தெருவுக்குக் குடிவந்தவள். இருவர் சொன்னதும் சொல்லுக்குச் சொல் ஒத்திருந்தது. எச்சில் கூடையைக் கொண்டுபோய் வைத்த அம்மாளிடம் அவள் கேட்டிருக்கிறாள்:

“நீ எந்த செட்டுக்கா? தென்காசில இருந்து வந்தவுகளா?”

“இந்த ஊருதான்.”

“புதுசோ? பாத்ததில்லையே. கை மட்டும் பழசா ஓடுது.”

“வேற எடத்துல வேல பாத்தேன்.”

“நல்லதாப் போச்சு, இந்த வாளியப் பிடி. ஆமா, பொண்ணோட அம்மாவக் கண்டியாக்கா? நர்சாம்லா. சம்பந்தி எலையில போட்டது போட்டபடி கெடக்கு. வந்து உக்காரக்கூட இல்ல. அம்புட்டு மிடுக்கு.”

“அவளுக்கு என்ன அவசரமோ.”

“என்ன பெரிய அவசரம்? நம்மள மாதிரி எச்சி எடுக்கவா போனா?”

இருவரும் சிரித்ததாக இருவருமே சொன்னார்கள். அந்தப் பெண் இதை எனக்குச் சொன்னபோது அவளுக்கு உண்மை தெரிந்திருந்தது. சொல்லி முடிக்கும்வரை அவள் வாசல் கோலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்தி விருந்து முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். கைபடாத இலை ஒன்று அங்கே இருந்தது. சோற்றின்மேல் நெய் உறைந்திருந்தது. அப்பளம் நமத்துப் போயிருந்தது. கிண்ணத்தில் பனிக்கூழ் உருகி இலையின் ஓரம்வரை வழிந்திருந்தது. அந்த வரிசையை எடுக்க வந்த பெண்களோடு அம்மாளும் வந்தார். அந்த இலையை அவர்தான் எடுத்தார். மற்ற இலைகளைப் போலவே உட்புறமாக மடித்தார். இதை நான் கண்டேன். எங்கிருந்தோ உறவுப் பெண் ஒருத்தியும் கண்டிருக்கிறாள். ஊர்க்கதைகளெல்லாம் அவளிடமிருந்துதான் கிளம்பின.

மாலையில் பெண்ணை அனுப்பி வைக்கும்போது அம்மாள் முகம் கழுவி, குங்குமமிட்டு, கணவரருகில் நின்றார். எங்கே போயிருந்தாய் என்று கணவர் கேட்டார். தலைவலி, மாடியறையில் படுத்திருந்தேன் என்றார். பெரியப்பா இருவரையும் பார்த்துக் கைகூப்பினார்.

“உங்க வீட்டு ஆளுக எல்லாம் ஒண்ணுபோல இருக்காக. அடுத்த விசேஷத்துக்குக் கொஞ்சம் வித்தியாசமா எடுங்கம்மா” என்றார்.

அவருடைய குரலில் கேலி இருந்ததென்று என் மனைவி சொல்கிறார். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. இருவர் ஒத்துச் சொல்லாததால் அதை இத்தோடு விடுகிறேன்.

திருமணத்துக்குச் சில மாதங்கள் கழித்துப் பெரியப்பா அந்த மருத்துவமனைக்கே வந்தார். முழங்கால் வலி. மருத்துவரைக் காண வரிசையில் நீண்ட இருக்கையில் உட்கார்ந்திருந்தார். அம்மாள் மேலங்கியோடு தரையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “காலக் கொஞ்சம் தூக்கிக்கிடுங்க” என்றார். வழக்கமாக எல்லாரிடமும் சொல்வது அது. பெரியப்பா இரு கால்களையும் தூக்கிக்கொண்டார். துடைத்ததும் கீழே வைத்தார். இதுவரை அம்மாளும் உடன் பணி செய்யும் பெண்ணும் ஒத்துச் சொல்கிறார்கள். இதற்குமேல் முரண்பாடு தொடங்குகிறது. பெரியப்பா முதலிலிருந்தே நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார், முகம் தெரியவில்லை என்கிறார் அம்மாள். மேலங்கி கூடத்தின் கோடியில் தென்பட்டபோதுதான் மடியில் கிடந்த நாளிதழை எடுத்து முகத்துக்கு நேரே விரித்தார் என்கிறாள் மற்றவள். எது சரி என்று தீர்மானிக்க என்னிடம் மூன்றாவது சாட்சி இல்லை.

ஆடி மாதத்தில் மகளும் மருமகனும் தாய்வீட்டுக்கு வந்தார்கள். அம்மாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் தெருவை நிறைத்திருந்தது. கூட்டத்தைப் பார்க்க மகள் எங்கள் மாடிக்கு ஏறி வந்தாள். நான் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கொடியில் மேலங்கி காய்ந்துகொண்டிருந்தது. மருத்துவமனையின் பெயர் தெருவை நோக்கி இருந்தது. கீழே எங்கள் வாசலில் அவள் கணவன் கைப்பேசியில் பேசிக்கொண்டு நின்றான். அவள் கொடியருகே போனாள். இரண்டு கவ்விகளையும் கழற்றினாள். மேலங்கியை உட்புறம் வெளியே வரும்படி திருப்பினாள். கைகளை இழுத்து நேராக்கி, மறுபடியும் கவ்விகளை மாட்டினாள்.

“உள்பக்கம் ஈரமா இருக்கு மாமா. நல்லா வெயில் படட்டும்” என்றாள்.

அவள் இறங்கிப் போனபின் நான் எழுந்து தொட்டுப் பார்த்தேன். அது முன்பே காய்ந்திருந்தது.

திருமணம் முடிந்து நாளாகியும் அம்மாள் மேலங்கியை அணிந்துகொண்டு தெருவில் நடப்பதில்லை. பேருந்தில் உட்கார்ந்தே செல்கிறார் என்று கேள்வி. இதை ஒருவர் மட்டுமே சொன்னார். மேலங்கி இன்றும் எங்கள் கொடியில்தான் காய்கிறது. இப்போது அம்மாளே அதை உட்புறம் வெளியாகப் போடுகிறார்.

எனக்குத் தெரிந்தவை இவ்வளவே. பந்தியில் அந்த நாற்காலிக்கு முன் நின்றவர் யாரென்று பெரியப்பாவுக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. அவர் சொன்னதை மணமகள் கேட்டாளா என்பதும் தெரியாது. அம்மாள் இந்த இரண்டையும் மகளிடம் கேட்கவில்லை. மகளும் எதுவும் சொல்லவில்லை.